மூணாவது கையெழுத்து

உங்கள் தெருவுக்கும் அந்தக் காகிதம் வந்திருக்கலாம். வராவிட்டால் கூடிய சீக்கிரம் வரும்.

எங்கள் தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் குடியிருப்பது திண்டுக்கல் பைபாஸ் பக்கம் புதிதாக முளைத்த நகர்களில் ஒன்று. இருபது வருஷத்துக்கு முன்னால் சோளக்காடு. காகிதத்தைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்து எரியவைக்கிற மனிதர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, இப்போதும் உண்டு. 'தம்பி, ஒரு கையெழுத்துப் போடுங்க' என்றார்.

மேலே ஏற்கெனவே இரண்டு கையெழுத்து இருந்தது. விஷயம் இதுதான்: நம் தெருவில் வடமாநிலப் பையன்களுக்கு வீடு விடக் கூடாது. ஏற்கெனவே விட்டிருக்கிறவர் காலி செய்யச் சொல்ல வேண்டும். காரணங்களை வாத்தியார் முத்து முத்தான எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார். ராத்திரியில் தெருவில் கும்பலாக உட்காருகிறார்கள். செல்போனில் கத்திப் பேசுகிறார்கள். அரை டவுசரோடு திரிகிறார்கள். கண்ட இடத்தில் பான் எச்சில் துப்புகிறார்கள். கடைசியாக ஒரு வரி: 'நமது கலாச்சாரத்துக்கு ஒத்துவராதவர்கள்.'

காபி ஆறிக்கொண்டிருந்தது. மூணாவதாக நான் போட்டேன்.

இப்போது நான் உங்களிடம் சண்டை போட வந்திருப்பது அந்தக் கடைசி வரியைப் பற்றி. எச்சில் விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

நாலு நாள் கழித்து ராத்திரி பதினொரு மணிக்கு கேட்டைப் பூட்டப் போனேன். வாத்தியார் போராடி எரியவைத்த அதே தெருவிளக்கின் கீழே ஐந்து பையன்கள். ஒருவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'ஏம்ப்பா, இதையெல்லாம் வீட்டுக்குள்ள உட்கார்ந்து பண்ண வேண்டியதுதானே?' என்றேன். கொஞ்சம் தமிழ் பிடிபட்டவன் ஒருவன் எழுந்து நின்று சொன்னான்: 'அண்ணா, உள்ளே ஆள் தூங்குது. லைட் போட்டா திட்டுது.'

'எத்தனை பேரு இருக்கீங்க?'

'பதினாலு.'

நான் பி.காம். படித்தவன். இலக்கியம் கேட்டால் முழிப்பேன், கணக்கு கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அந்த வீடு ஒரு ஹால், இரண்டு ரூம், ஒரு பாத்ரூம். வாடகை ஒன்பதாயிரம். எடுத்திருப்பவர் மில்லுக்கு ஆள் சப்ளை செய்கிற ஏஜென்ட். தலைக்கு ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். ஆக பதினாலாயிரம் வரவு, ஒன்பதாயிரம் செலவு. காலை ஷிஃப்ட் பையன்கள் விடியும் முன் மில் வேனைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார்கள். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் பத்தரைக்கு வந்து இறங்குகிறான். கொஞ்ச நேரம் அவனுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும், சாப்பிட வேண்டும், அம்மாவோடு பேச வேண்டும். உள்ளே கால் வைக்க இடமில்லை. தெருதான் அவன் ஹால்.

செல்போனில் ஏன் கத்துகிறான்? மறுமுனையில் மலையடிவாரக் கிராமத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும். நாம் எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று துபாய் மச்சானோடு பேசிய பேச்சு தெருக்கோடி வரை கேட்டதே, அது எந்தக் கலாச்சாரம்?

ஆக, வாத்தியார் எழுதிய காரணங்களில் முதல் இரண்டும் ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்ததல்ல. ஒருவர் மாதம் ஐந்தாயிரம் லாபம் பார்ப்பதற்காக, பதினாலு பேரை அடைத்த இடத்தில் விளைந்தது. ஏஜென்ட்டின் லாபக் கணக்கை நாம் அந்தப் பையன்களின் கலாச்சாரக் கணக்கில் பற்று எழுதிவிட்டோம். அதற்குக் கீழே கையெழுத்து வேறு!

டவுசர் விஷயத்துக்கு வருவோம். 2003-ல் நான் மும்பையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தேன். செம்பூரில் ஒரே ரூமில் ஐந்து பேர். ஒரே ஃபேன். மே மாசப் புழுக்கத்தில் ராத்திரி மாடிப்படியில் வரிசையாக உட்காருவோம், லுங்கியோடு. ஒரு நாள் கீழே அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ். லுங்கியோடு படிக்கட்டில் உட்காரக் கூடாதாம், அது பில்டிங்கின் கலாச்சாரத்துக்கு இழுக்காம். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. 'தமிழனை என்னன்னு நினைச்சீங்க?' என்று ரூமுக்குள் வைத்து வீரவசனம் பேசினோம். அந்த ஊரில் 1966-ல் சிவசேனா ஆரம்பித்த காலத்திலேயே லுங்கிக்காரர்களை விரட்டு என்று கோஷம் போட்டவர்கள் உண்டு. அங்கே நம் லுங்கி இடித்தது. இங்கே அவன் டவுசர் இடிக்கிறது. நியாயமாகப் பார்த்தால் டவுசர் லுங்கியைவிடப் பத்திரமான உடை. காற்றடித்தாலும் கவலை இல்லை.

மும்பை பழைய கதை என்பீர்கள். சிங்கப்பூருக்கு வாருங்கள். புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பிய ஊர் அது. 2008-ல் அங்கே செராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியானவர்கள் பகுதியில் பூட்டிக்கிடந்த ஒரு பள்ளிக் கட்டடத்தை வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியாக மாற்ற அரசு யோசித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். பாதுகாப்பு போய்விடும், குப்பை சேரும், கூட்டமாக உட்காருவார்கள், வீட்டு விலை இறங்கும். வாத்தியாரின் காகிதத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அதுதான். கடைசியில் விடுதி வந்தது. ஆனால், தொழிலாளர்கள் அந்தப் பகுதிக்குள் நடமாடாமல் போய்வரத் தனி ரோடு போட்டார்கள்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதே ஊர் லிட்டில் இந்தியாவில் பஸ்ஸில் அடிபட்டு ஒரு தமிழகத் தொழிலாளி செத்துப்போனார். கலவரம் வெடித்தது. ஆம்புலன்ஸ் எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையில் கமிட்டி போட்டு விசாரித்ததில், குடிபோதை, விபத்தைப் பற்றிய தவறான எண்ணம் இவற்றோடு அந்தக் கூட்டத்தின் கலாச்சார மனப்போக்கும் ஒரு காரணமாக எழுதப்பட்டது. ஆறு வருஷத்துக்கு மேல் கழித்து, 2020 ஏப்ரலில் கொரோனா அந்த ஊர் விடுதிகளுக்குள் புகுந்தபோதுதான் ஒரு அறைக்குள் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை படுத்திருந்த படங்களை உலகமே பார்த்தது. நம் பையன்கள் ஞாயிற்றுக்கிழமையானால் ஏன் லிட்டில் இந்தியாப் புல்தரையில் போய் உட்கார்ந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

அதைப் படித்து நாம் கண்ணீர் விட்டோம். 'புள்ளைங்கள மாடு மாதிரி அடைச்சிருக்காய்ங்களே' என்றோம். நம் தெருப் பதினாலு பேருக்கு மட்டும் நாம் கலாச்சாரம் கற்றுக்கொடுக்கப் போகிறோம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இது சிரிக்க வேண்டிய விஷயம், சிரித்துவிட்டு வெட்கப்பட வேண்டிய விஷயமும்கூட. வேடசந்தூர் பக்கம் மில் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் என்னிடம் அலுத்துக்கொண்டார். 'அவிங்களுக்காகவே தனியா சப்பாத்தி மாஸ்டர் போட்டிருக்கோம்ணே. தினம் ராத்திரி சுடச்சுட சப்பாத்தி. பாதிப் பேரு தட்டுல வச்சுட்டுப் போயிர்றாய்ங்க. திமிருண்ணே.'

'எந்த ஊரு பசங்க?'

'எல்லாம் வடக்குத்தான். ஒரிசா.'

அவரை எங்கே அடிப்பது? ஒடிசாக்காரன் நம்மைப் போலவே சோறு தின்கிறவன். நம்மைவிட ஒரு படி மேலே! ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் பச்சை மிளகாயும் வெங்காயமும் கடித்துக்கொண்டு சாப்பிடுவது அங்கே ஊர் பூராவும் உண்டு. 'பகாளா' என்பார்கள். நம் பழைய சோறேதான். அதற்கென்று வருஷாவருஷம் மார்ச் 20-ல் ஒரு நாளே கொண்டாடுகிறார்கள். நாம் பழைய சோறு என்று சொல்லவே கூச்சப்பட்டு, இப்போதுதான் ஸ்டார் ஹோட்டல் மண்சட்டியில் பார்த்து மறுபடி மரியாதை கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். அந்த மில்லில் ஒருத்தராவது 'என்னப்பா சாப்பிடுவ?' என்று கேட்டிருந்தால் சப்பாத்தி மாஸ்டர் சம்பளம் மிச்சம். மிஞ்சின சோற்றில் தண்ணி ஊற்றினால் போதும், பையன்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

ஏன் கேட்கவில்லை? வடக்கே இருந்து வந்தால் சப்பாத்தி என்று நாம் முடிவு செய்துவிட்டோம். அதே ஜோரில் இன்னொன்றையும் முடிவு செய்துவிட்டோம்: வடக்கே இருந்து வந்தால் இந்தி.

இங்கேதான் எனக்குக் கோபம் பொங்குகிறது. 1965-ல் இந்தி எங்கள் மொழி இல்லை என்று பையன்கள் உயிரைக் கொடுத்த மாநிலம் இது. 'வடக்கே இருப்பவனுக்கு விந்திய மலைக்குத் தெற்கே எல்லோருமே மதராஸி' என்று அறுபது வருஷமாகக் குறைபட்டுக்கொள்கிறோம். நாம் என்ன செய்கிறோம்? ஒடிசாக்காரனை 'ஏய் இந்திக்காரா' என்கிறோம். அவன் மொழி ஒடியா. மொழிக்காகப் போராடி 1936 ஏப்ரல் 1-ல் தனி மாகாணம் வாங்கியவர்கள் அவர்கள். ஆந்திரா பிரிந்தது 1953-ல்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழுக்கு 2004-ல் கிடைத்த செம்மொழி அந்தஸ்து ஒடியாவுக்கு 2014-ல் கிடைத்தது. ஜார்க்கண்ட் பையன் என்றால் வீட்டில் பேசுவது சந்தாலியாக இருக்கலாம். அதற்குத் தனி எழுத்தே இருக்கிறது. ரகுநாத் முர்மு என்கிற வாத்தியார் நூறு வருஷத்துக்கு முன் 1925-ல் உண்டாக்கினார். பீகார் என்றால் மைதிலியோ போஜ்புரியோ. இவர்களில் பலருக்கு இந்தி என்பது பள்ளிக்கூடத்திலோ, பிழைக்கப் போன இடத்திலோ ஒட்டிக்கொண்டது. நமக்கு ஆங்கிலம் ஒட்டிக்கொண்டது மாதிரி. எந்த மொழியை நம் தலையில் கட்டக் கூடாது என்று சண்டை போட்டோமோ, அதை வந்து இறங்குகிற ஒவ்வொருத்தன் தலையிலும் நாமே கட்டுகிறோம். டெல்லி செய்ய முடியாததைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு செய்கிறது!

நம் ஊர் ஒன்றும் நேற்றுவரை தனித்தமிழ்த் தீவாக இருந்ததில்லை. மலைக்கோட்டையைக் கட்டியது நாயக்கர்கள். 1755-ல் மைசூரிலிருந்து ஹைதர் அலி வந்து இங்கே உட்கார்ந்து ஆண்டார். தறி நெய்கிற சௌராஷ்டிரர்கள் இன்றும் வீட்டுக்குள் தங்கள் மொழிதான் பேசுகிறார்கள். வெளியே வந்தால் உங்களையும் என்னையும்விட நல்ல திண்டுக்கல் தமிழ். அவர்கள் முப்பாட்டன் ஆறு மாசத்தில் தமிழ் கற்றுக்கொண்டானா என்று யாரும் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கவில்லை.

புரியாமல் இருப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 2023 மார்ச் மாதம் உதாரணம். தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்கள், தூக்கில் தொங்கவிடுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கேயோ எதற்கோ நடந்த அடிதடிகளை ஒட்டவைத்த வேலை. பொய் என்று தமிழகக் காவல்துறை சொன்னது. பீகார் அரசு குழு அனுப்பிப் பார்த்தது. ஆனால், அந்த வாரம் ரயில்வே ஸ்டேஷன்களில் நிஜமாகவே கூட்டம் அலைமோதியது. அங்கே இருந்தவர்கள் அதைப் பார்த்து 'ஐயோ, உயிர் பிழைக்க ஓடி வருகிறார்கள்' என்றார்கள். இங்கே இருந்தவர்களும் 'பயந்து ஓடுகிறார்கள்' என்றார்கள். மார்ச் 8 ஹோலி. பயந்து கிளம்பியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால், கூட்டத்தில் பெரும்பகுதி வருஷா வருஷம் பண்டிகைக்குப் போகிற கூட்டம்! நம்மைப் பொறுத்தவரை ஹோலி என்றால் சினிமாவில் ஹீரோயின் மேல் கலர்ப்பொடி தூவுகிற பாட்டு. அவர்களுக்கு அது நம் பொங்கல் மாதிரி. பொங்கலுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்தைப் படம் பிடித்து 'சென்னையிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடும் மக்கள்' என்று பாட்னாவில் ஒளிபரப்பினால் எப்படி இருக்கும்?

மில்காரர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். 'ஜூன் மாசம் சொல்லாம கொள்ளாம ஓடிர்றான்' என்று புலம்பல். ஒடிசாவில் ஆனி பிறக்கிறதை ஒட்டி மூன்று நாள் 'ரஜ' பண்டிகை. பூமியைப் பெண்ணாக நினைத்து, அந்த மூன்று நாள் ஏர் ஓட்டாமல் மண்ணைத் தோண்டாமல் ஓய்வு கொடுப்பார்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்காரனுக்கு சட் பூஜை. இந்த இரண்டையும் ஹோலியையும் ஒரு காலண்டரில் சிவப்பு மையால் சுழித்து ஆபீசில் மாட்ட எத்தனை ரூபாய் ஆகும்?

'எல்லாம் சரி, அவன் பக்கம் தப்பே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. எச்சில் துப்புவது தப்புதான், என் காம்பவுண்டு சுவரே சாட்சி. அதை முகத்துக்கு நேராகச் சொல்லலாம், நான் சொன்னேன், கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெண்கள் நடமாடுகிற தெருவில் முன்பின் தெரியாத பதினாலு ஆம்பளைகள் என்றால் வீட்டில் ஒரு பயம் வரும். அதைக் கேலி செய்ய மாட்டேன். எங்கள் தெரு முக்கு டாஸ்மாக் பக்கமும் என் மனைவி அதே பயத்தோடுதான் நடக்கிறார். அங்கே நிற்கிறவர்கள் எல்லோரும் சுத்தமாகத் தமிழ் பேசுகிறவர்கள்.

அப்புறம் கூலி. 'நம்ம ஆளுக பொழப்பைக் கெடுத்துட்டாய்ங்க' என்ற கோபத்தில் நியாயம் உண்டு. குறைந்த கூலிக்கு ஒருவன் வந்து நின்றால் மற்றவன் கூலி ஏறாது, சாதாரணக் கணக்கு. ஆனால், அந்தக் கூலியை நிர்ணயித்தது யார்? 'நம்ம ஆளு வேலைக்கு வர்றதில்லைங்க' என்கிறார்கள் முதலாளிகள். நம் ஆள் வேலைக்கு வருகிறான். அந்தச் சம்பளத்துக்கு வருவதில்லை. கோபத்தை மில் வாசலில் காட்டுவது கஷ்டம். தெருவிளக்கின் கீழே பொத்தான் தைக்கிறவனிடம் காட்டுவது சுலபம்.

கலாச்சாரம் என்ற வார்த்தை முதலாளிக்கு எவ்வளவு உபயோகம் என்பது திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியாததல்ல. 2000-களில் இதே பஞ்சு மில்களில் பல இடங்களில் நம் தென்மாவட்டப் பெண்பிள்ளைகள்தான் வேலை பார்த்தார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி உழைத்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் வைத்தார்கள். வெளியே விட மாட்டார்கள், போன் பேச விட மாட்டார்கள். கேட்டால், 'வயசுப் பிள்ளைகங்க, நம்ம கலாச்சாரம் என்ன?' அன்றைக்குக் கலாச்சாரம் அந்தப் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டியது. இன்றைக்கு இந்தப் பையன்களை வெளியே தள்ளிப் பூட்டுகிறது. பூட்டுக்குப் பேர்போன ஊர்தான், அதற்காக இப்படியா?

ஏஜென்ட்டும் புதுசில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் நம் வறண்ட கிராமங்களிலிருந்து சிலோனுக்கும் மலாயாவுக்கும் ஆள் பிடித்துப் போனவனுக்குப் பெயர் கங்காணி. முன்பணம் கொடுப்பான், வழிச்செலவு எழுதுவான், லயன் வீட்டில் குவிப்பான், சம்பளத்தில் பிடிப்பான். அங்கேயும் வெள்ளைக்காரத் துரை 'இந்தக் கூலிகள் இப்படித்தான் நெருக்கியடித்து வாழ்வார்கள், அவர்கள் பழக்கம்' என்றுதான் நினைத்திருப்பான்.

வெளிமாநிலத்திலிருந்து ஆள் கொண்டுவருகிறவன் தங்க இடம், வைத்தியம், வழிச்செலவு எல்லாம் தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். ஐந்து பேர் இருந்தாலே அது பொருந்தும். நாற்பது வருஷத்துக்கு மேல் புத்தகத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இதில் குறைந்தது பத்துப் பேர் இருக்க வேண்டும். ஏஜென்ட் இல்லாமல் தானாக ரயிலேறி வந்தவனும் கணக்கில் வருகிறான் என்பது ஒரு நல்ல விஷயம். எங்கள் தெரு வீட்டில் பதினாலு பேர் இருந்தார்கள். பழைய சட்டமும் வரும், புதுச் சட்டமும் வரும். அந்த வாசலுக்கு எந்த ஆபீசரும் வந்து நான் பார்க்கவில்லை. வந்தது வாத்தியாரின் காகிதம் மட்டும்தான்.

மறுநாள் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். 'என் கையெழுத்தை அடிச்சிருங்க சார்' என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'வீட்டுக்காரர்கிட்ட அப்பவே குடுத்தாச்சே தம்பி. மொத்தம் இருபத்தாறு கையெழுத்து' என்றார். ஏஜென்ட் கூப்பிடும் நம்பரை அவரிடம் கொடுத்தேன். இடம் போதவில்லை என்று அவருக்கு ஒரு காகிதம் எழுதலாமே, அதிலும் மூணாவதாக நானே போடுகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார்.

மாசக் கடைசியில் பையன்கள் போய்விட்டார்கள். பைபாஸுக்கு அந்தப் பக்கம், முன்பு கோழிப்பண்ணையாக இருந்த தகரக் கொட்டகை. பொத்தான் தைத்தவனை வாரச்சந்தையில் பார்த்தேன், பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேட்டேன்.

'அதேதான் அண்ணா. ஆயிரம்.'

'எத்தனை பேரு?'

'இப்போ இருபத்திரண்டு.'